பூஜையில் வைத்த ஜெனரேட்டர்

எங்கள் குடியிருப்பில் வீடுகள் எண்பத்து நான்கு. புல்வெளி உள்ளவை எழுபத்தொன்று. மற்றவர்கள் கல்லைப் பரப்பிக் கள்ளிச்செடி நட்டுவிட்டார்கள். இலை ஊதும் இயந்திரத்தின் சத்தம் கேட்காத நாள் வாரத்தில் ஒன்றே ஒன்று, ஞாயிறு. பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், நான் விசாரித்த வரையில், மூன்று வீட்டார். அந்த மூன்றில் ஒன்று எங்கள் வீடு.

"இதையெல்லாம் எதுக்கு மாமா எண்றீங்க?" என்று மருமகள் கேட்டாள்.

எண்ணாமல் எப்படி வாதாடுவது என்று நான் கேட்டேன்.

வாதாட வேண்டிய காரணம் ஆகஸ்ட் கடைசியில் தபாலில் வந்தது. வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கம் அனுப்பிய நான்கு பக்க அறிவிப்பு. பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி, இலை ஊதி இவற்றைப் புதிதாக விற்கக் கூடாது என்று மாநிலம் ஏற்கனவே நிறுத்திவிட்டது. ஜெனரேட்டருக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாநிலம் தடுத்தது விற்பனையை. வீட்டில் இருக்கும் பழையதை ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் சங்கத்துக்கு அது போதவில்லை. பெட்ரோல் மோட்டார் எதையும் குடியிருப்பின் எல்லைக்குள் இயக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஜனவரி முதல் நடைமுறை. அக்டோபர் முடிவதற்குள் ஓட்டெடுப்பு. மூன்றாம் பக்கத்தில், பட்டியலில் ஆறாவதாக, ஜெனரேட்டர்.

நான் அந்த ஆறாவது வரியைத்தான் முதலில் படித்தேன். காரணம் என் மனைவி. அவளுடைய நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வருகிறது. நான்கு ஆண்டுகளாக ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையில்தான் மூச்சு. ஹாலின் மூலையில் நிற்கும் அந்தப் பெட்டி அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, பதினைந்து மீட்டர் குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்புகிறது. அந்தக் குழாயின் நீளத்துக்குள் அவள் சமைக்கிறாள், தொலைக்காட்சி பார்க்கிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டி வெறும் மேஜை.

எங்கள் ஊரான சான் ரமோனில் மின்சாரம் நிற்கும். இலையுதிர் காலத்தில் கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று மலையிறங்கி வரும்போது, கம்பி அறுந்து காட்டுத் தீ பிடிக்காமல் இருக்க மின்சாரக் கம்பெனி தானாகவே நிறுத்திவிடும். முந்தைய ஆண்டு நின்றது முப்பத்தோரு மணி நேரம். நான் பக்கவாட்டு முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஜெனரேட்டரை ஓட்டினேன். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் ஊற்றினேன். முப்பத்தோரு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அவள் இயந்திரம் நிற்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டு மின்சாரத் துறையில் வேலை பார்த்தவன் நான். அதில் இருபத்திரண்டு ஆண்டு கடலோரத்தில் ஓர் அனல்மின் நிலையத்தில். ஒரு விளக்கை அணையாமல் வைப்பது எப்படி என்று எனக்கு எவரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதில்லை.

மருமகள் தடையின் பக்கம். அவள் வேலை பார்ப்பது சூரியத் தகடுகளுக்கான மென்பொருள் எழுதும் கம்பெனியில். சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. என் மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் குழம்பை நகர்த்திக்கொண்டிருப்பான்.

"மாமா, அந்த மாதிரி சின்ன இன்ஜின்ல ஃபில்டரே கிடையாது. ஒரு காரைவிட மோசமா புகை விடும். அத்தைக்கு லங்ஸ் ப்ராப்ளம். நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"அத்தைக்கு லங்ஸ் ப்ராப்ளம், அதனாலதான் ஓட்றேன்."

"பேட்டரி வாங்கலாம்."

"பேட்டரி எங்கிருந்து சார்ஜ் ஆகும்? செவுத்துலேருந்து. செவுத்துக்கு எங்கிருந்து வருது? அதே கம்பெனி. அவன் நிறுத்தினா உன் பேட்டரி எத்தனை மணி நேரம்?"

"அப்பா," என்றான் மகன், "நைன் அவர்ஸ் வரும்னு போட்டிருக்கான்."

"போட்டிருக்கான். நீ ஓட்டிப் பாத்தியா?"

அவன் ஓட்டிப் பார்க்கவில்லை. வாங்கிவிட்டான். செப்டம்பர் நடுவில் சூட்கேஸ் அளவில் ஒரு பேட்டரி வந்து இறங்கியது. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

காலை நடையில் வேறொரு எதிரி. மூன்று வீடு தள்ளி இருக்கும் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஓய்வு பெற்ற நுரையீரல் மருத்துவர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், சங்கக் குழுவின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர். அந்த நான்கு பக்க அறிவிப்பில் பாதி அவர் எழுதியது. நாங்கள் தினமும் குடியிருப்பை மூன்று சுற்று சுற்றுவோம். ஒரு சுற்றுக்கு ஆயிரத்து நானூறு அடி, என் அடியில். அவர் காலில் அது குறையும், நெடிய மனிதர்.

"என்ன எஞ்சினியர், உங்கட ஜெனரேட்டருக்கு இன்னும் உயிர் இருக்கோ?"

"நீங்க கொல்லப் பாக்குறீங்க. அது பிழைச்சுக்கும்."

"நாற்பது வருஷமா ஆக்களின்ர நெஞ்சுப் படம் பாத்தனான். இந்தப் புகை என்ன செய்யும் எண்டு எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம்."

"முப்பத்தோரு மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்து பாத்தீங்களா?"

அவர் நின்றுவிட்டார். "முப்பத்தொரு மணித்தியாலமோ? நாங்கள் வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தனாங்கள். ஜாம் போத்தல்ல திரி போட்டு, அந்த வெளிச்சத்தில ஆஸ்பத்திரி நடத்தினனான். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். அந்தப் புகையைச் சுவாசிச்ச சனத்தையும் நான்தான் பாத்தனான். நீங்கள் இருபது வருஷம் கரியை எரிச்சுப்போட்டு இப்ப எனக்குக் கதை சொல்லுறியள்!"

இருபத்திரண்டு என்று திருத்தினேன். அனல்மின் நிலையக் குடியிருப்பில் காலையில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலைக்குள் பழுப்பாகிவிடும். என் மனைவி அதை இரண்டாவது முறை அலசுவாள். அவள் நோய்க்கு அந்தச் சாம்பல் காரணமா, அதற்கு முன் பிறந்த வீட்டில் ஊதிய விறகு அடுப்பு காரணமா, அல்லது எதுவுமே இல்லையா என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இந்த டாக்டரிடம் நான் கேட்டதுமில்லை. அவராகச் சொன்னதுமில்லை.

ஓட்டெடுப்புக்கு முன் ஒரு பொதுக்கூட்டம் உண்டு. யாரும் மூன்று நிமிடம் பேசலாம். அதற்காக நான் பேட்டரியைச் சோதித்தேன். மனைவி அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரில் இருக்கும்போது இயந்திரத்தைப் பேட்டரியில் செருகி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் எண்ணைக் குறித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சதவீதம் இறங்கியது. அந்தக் கணக்குப்படி நூறும் இறங்க எட்டு மணி இருபது நிமிடம். ஒன்பது இல்லை. ஒரு சோதனையை நம்புகிறவன் பொறியாளன் இல்லை என்பதால் இரண்டாவது முறை, பழைய டேபிள் ஃபேன்கள் நான்கை மாட்டி, அதே அளவு சுமை வைத்துச் செய்தேன். எட்டு மணி முப்பத்தைந்து வந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே மூன்றாவது முறை.

அந்த மூன்றாவது சோதனையை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தொடங்கியதுதான் நான் செய்த தவறு.

ஆயுத பூஜையை இந்த ஊரில் நாங்கள் கொஞ்சம் வளைத்துத்தான் செய்கிறோம். பூஜையில் வைத்த பொருளை அன்று முழுதும் பயன்படுத்தக் கூடாது. மறுநாள் காலை மறுபடி தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஆனால் இங்கே அன்றைக்கு விடுமுறை இல்லை. அதனால் வேலை செய்யும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, செத்துப்போன பழைய லேப்டாப்பைப் பூஜையில் வைப்பார்கள். கார் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அதே காரில் ஆபீசுக்குப் போவார்கள். இதையெல்லாம் என் மனைவி பொறுத்துக்கொள்வாள். அதற்கு ஈடாக, வீட்டில் இருக்கும் பொருளுக்கு விலக்கே தரமாட்டாள்.

அன்று காலை ஆறரை மணிக்கே அவள் தயார். குழாய் எட்டும் தூரத்தில், ஹாலில், கோலம் போட்ட பலகை. அதில் பழைய லேப்டாப், என் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் ஆறு, அவளுடைய அரிவாள்மணை.

"அந்தப் புது பேட்டரியையும் கொண்டாங்க. புதுசா வந்திருக்கு, முதல் பூஜை."

நானும் மகனும் அதைச் சுவரிலிருந்து பிடுங்கித் தூக்கி வந்து வைத்தோம். முந்தைய நாள் சோதனையில் பதினெட்டு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சார்ஜ் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பிளக்குக்குச் சுவரில் தனி ஸ்விட்ச் உண்டு; அதைப் போட மறந்திருந்தேன். திரையில் சந்தனம் பூசிவிட்டதால் எண் தெரியவில்லை.

ஜெனரேட்டரை உள்ளே கொண்டுவர முடியாது. அவள் மகனைக் கராஜுக்கு அனுப்பி அதற்கு மூன்று பட்டை சந்தனம், குங்குமம், கடையில் வாங்கிய சாமந்தி மாலை எல்லாம் போடச் செய்தாள். மருமகள் அதைக் கைபேசியில் படம் எடுத்தாள். "மாமா, உங்க ஜெனரேட்டருக்கு ஃபேர்வெல் பார்ட்டி," என்றாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

மின்சாரக் கம்பெனியின் எச்சரிக்கை இரண்டு நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. அந்த மாதத்தில் முன்பு மூன்று முறை எச்சரித்து மூன்று முறையும் நிறுத்தவில்லை. மகன் பிளசன்டனில் இருக்கும் ஆபீசுக்குப் போய்விட்டான். மருமகளும் போய்விட்டாள். பிற்பகல் மூன்று பத்துக்கு ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. அடுத்த நொடி ஆக்சிஜன் இயந்திரம் நீளமாக ஓலமிட்டது.

சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதற்கு எனக்கு நாற்பது விநாடி ஆகும்; அன்று எவ்வளவு ஆனது என்று தெரியவில்லை. சிலிண்டர் முள் காட்டியது இரண்டு மணி பத்து நிமிடத்துக்கானது. பேட்டரித் திரையைத் துடைத்தேன். பதினெட்டு. தொண்ணூறு நிமிடம். மொத்தம் மூன்று மணி நாற்பது. அதற்கு மேல் ஆஸ்பத்திரி, அல்லது கராஜில் மாலையோடு நிற்கும் ஜெனரேட்டர்.

மகனுக்குப் போன் செய்தேன். "சிக்னல் எல்லாம் ஆஃப் ஆயிடுச்சுப்பா, டிராஃபிக் அப்படியே நிக்குது. நீங்க ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணுங்க." மருமகளுக்குச் செய்தேன். தடையின் பக்கம் இருக்கும் அவளும் அதையேதான் சொன்னாள். "மாமா, அத்தைதான் முக்கியம். ஸ்டார்ட் பண்ணுங்க ப்ளீஸ்."

எனக்கு உள்ளுக்குள் வெற்றிதான். அதை மறைக்கமாட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு கராஜ் பக்கம் திரும்பினேன்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் மனைவி.

"என்ன?"

"பூஜையில இருக்கு. நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக்கூடாது."

"உனக்கென்ன பைத்தியமா? மூணு மணி நாப்பது நிமிஷம்தான் இருக்கு. காருக்கு விலக்கு குடுத்த. லேப்டாப்புக்குக் குடுத்த."

"இதுக்குக் கிடையாது."

"மூச்சு நின்னா எந்த சாமி வந்து..."

"ஏங்க, உக்காருங்க." அவள் பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்துவாள். அன்று நிறுத்தாமல் சொன்னாள். "சாமியைச் சாக்கா வெச்சுத்தான் சொன்னேன். நீங்க கேக்கலை. அதனால நேரா சொல்றேன். போன வருஷம் முப்பத்தோரு மணி நேரம் ஓட்டினேன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அந்த முப்பத்தோரு மணி நேரத்துல நான் எத்தனை தடவை இருமினேன்னு எண்ணினீங்களா?"

நான் உட்கார்ந்தேன்.

அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. ஜெனரேட்டரை ஜன்னலிலிருந்து இருபத்திரண்டு அடி தள்ளித்தான் வைத்தேன். டேப் போட்டு அளந்தே வைத்தேன். ஆனால் அதிலிருந்து வந்த வயரை உள்ளே விட அந்த ஜன்னலையே நான்கு அங்குலம் திறந்து வைத்தேன். காற்று திரும்பிய நேரமெல்லாம் புகை அந்த நான்கு அங்குலத்தில் உள்ளே வந்திருக்கிறது. இயந்திரம் அந்த அறையின் காற்றைத்தானே இழுக்கிறது? அவள் ஈரத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பெட்ரோல் ஊற்றிவிட்டு நான் ஜன்னல் வழியாக, "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?"

"நாற்காலி போட்டுக் காவல் காத்துக்கிட்டிருந்தீங்க. என்னன்னு சொல்றது?"

அவ்வளவு நெருக்கமான இடத்தில் அந்தப் புகை ஆளையே கொல்லும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பணியில் இருந்தபோது அதற்கு எச்சரிக்கைப் பலகை எழுதி மாட்டியவன் நான். நான் குறித்துவைத்த நோட்டில் பெட்ரோல் ஊற்றிய நேரம் ஏழு முறை இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

ஜெனரேட்டரை எடுக்கவில்லை. கைபேசியில் டாக்டரைக் கூப்பிட்டேன். பெருமையாக இல்லை.

அவருடைய மின்சாரக் காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம் என்று நடையில் அவர் பலமுறை பீற்றியிருந்தார். நான் ஒரு முறையும் நம்பியதாகக் காட்டிக்கொண்டதில்லை. ஐந்து நிமிடத்தில் காரைப் பின்பக்கமாக எங்கள் கராஜ் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"தடிச்ச வயர் இருக்கோ? மெல்லிசு வேண்டாம், சூடாகும்."

"எனக்கா வயர் சொல்லித் தர்றீங்க?"

"சரி சரி, கொண்டுவாங்கோ. தங்கச்சி எப்பிடி இருக்கிறா?"

என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். வயரைக் கராஜ் கதவுக்கு அடியில் விட்டோம். இந்த முறை ஜன்னல் திறக்கவில்லை. இயந்திரம் ஒரு முறை விக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. கார் பேட்டரியில் எண்பத்திரண்டு சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் இயந்திரம் ஒன்றுக்கு மட்டுமென்றால் ஐந்து நாள் ஓடும். சத்தம் இல்லை. கராஜில் சாமந்தி வாசனை மட்டும்.

டாக்டர் ஜெனரேட்டரின் மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப என்ன சொல்லுறியள்?"

"இப்போ சொல்றது அப்போ சொன்னதுதான்."

"என்ன?"

"உங்க கார் இன்னிக்கு வீட்டுல இருந்தது. மகள் வீட்டுக்கு சாக்ரமென்டோ போயிருந்தீங்கன்னா? இது ஏற்பாடு இல்லை டாக்டர். இது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துல ஒரு ஊருக்குக் கரண்ட் குடுக்க முடியாது."

"நன்றி சொல்லுறதுக்குப் பதிலா சண்டை பிடிக்கிற மனுசனை இப்பத்தான் பாக்கிறன்."

"நன்றியும்தான். அதைத் தனியா வெச்சுக்குங்க."

மின்சாரம் பத்தொன்பது மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் நான் தீர்மானித்துவிட்டேன். டாக்டரின் பக்கம் போவதாக இல்லை. பழைய பக்கத்தில் நிற்பதாகவும் இல்லை. அனல்மின் நிலையத்தில் உற்பத்தி குறைந்து ஊர்களை இருட்டாக்க வேண்டி வந்த நாட்களில், ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் ஒரு பட்டியல் தொங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன், குடிநீர் மோட்டாருக்குப் போகும் லைன். இவற்றில் கை வைக்கக் கூடாது. அமைச்சர் வீட்டை நிறுத்தலாம், இவற்றை நிறுத்த முடியாது. எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவன், எதை நிறுத்தக் கூடாது என்ற பட்டியலை முதலில் எழுத வேண்டும். எங்கள் சங்கத்தின் நான்கு பக்கத்தில் அந்தப் பட்டியல் இல்லை.

ஆகவே நானே எழுதினேன். எண்பத்து நான்கு வீட்டுக் கதவையும் தட்டினேன். எட்டு நாள் ஆனது. பதினொரு வீட்டில் திறக்கவில்லை. இரண்டு வீட்டில் நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்தார்கள். மின்சாரம் நின்றால் உடல்நிலை கெடும் வீடுகள், எங்களோடு சேர்த்து, ஐந்து. இரண்டு வீட்டில் தூங்கும்போது மூச்சுக்கான கருவி மாட்டுகிறவர்கள். ஒரு வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் நிறைய இன்சுலின். அந்த ஐந்து வீட்டுக்காரர்களில் நால்வர் மற்றவர்களைப் பற்றி அறியாதவர்கள்.

பொதுக்கூட்டம் எங்கள் கிளப் ஹவுசில் நடந்தது. தலைவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மிகவும் மரியாதையானவர், கையில் ஸ்டாப் வாட்ச். நான் எழுந்ததும் டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஆங்கிலத்தில் சொன்னேன்: "நான் இந்தத் தடைக்கு எதிரி என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். என் ஜெனரேட்டரை நீங்கள் தடுப்பதற்கு முன்பே நான் அகற்றிவிடுவேன். உங்கள் விதிக்காக அல்ல, என் மனைவியின் இருமலுக்காக. ஆனால் ஐந்து வீட்டுக்கு மாற்று வைக்காமல் இந்த விதி வந்தால், அது சுத்தமான காற்றுக்கான விதி அல்ல. வலிமையானவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கான விதி. இந்தக் கட்டடத்தின் கூரை தெற்குப் பார்த்தது. அதில் தகடு போடுங்கள், சுவரில் ஒரு பெரிய பேட்டரி வையுங்கள், அந்த ஐந்து பேரும் காற்று வீசும் நாளில் இங்கே வந்து செருகிக்கொள்ள ஐந்து பிளக் கொடுங்கள். பிறகு உங்கள் தடைக்கு நானே காவல் நிற்கிறேன்."

இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. தலைவர், "நிச்சயம் பரிசீலிக்கிறோம்," என்றார். நான் பணியில் இருந்தபோது எத்தனையோ மனுவின் மேல் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

ஓட்டுச் சீட்டு என் மகன் பெயருக்கு வந்தது. வீடு அவன் பெயரில். அவன் அதை அம்மாவின் முன் வைத்தான். "நீ என்ன சொல்றியோ அதாம்மா."

"தடை வரட்டும்," என்றாள். "ஆனா சும்மா வரக்கூடாது."

நான் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அதன் கீழே, ஐந்து பிளக் வைக்கும் வரை இந்த விதியை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று மூன்று வரி எழுதினேன்.

"மாமா!" என்றாள் மருமகள். "வேற எதுவும் எழுதினா செல்லாதுன்னு போட்டிருக்கு. ஒரு யெஸ் வேஸ்ட் ஆகுது."

"தெரியும்மா. செல்ற ஓட்டை எண்ணுவாங்க. செல்லாத ஓட்டைத்தான் படிச்சுப் பாப்பாங்க."

அவள் பேனாவை வாங்கி, என் ஆங்கிலத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தினாள்.

வந்த ஓட்டு எழுபது. ஆம் ஐம்பத்திரண்டு, இல்லை பதினேழு, செல்லாதது ஒன்று. ஏன் செல்லாது என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. ஓட்டு எண்ணிய கூட்டத்தில் டாக்டர்தான் எழுந்து மூன்று வரியையும் உரக்கப் படித்தார். ஒரு முறை போதாதென்று, காது கேளாத உறுப்பினர் ஒருவருக்காக, மறுமுறையும் படித்தார். அந்த உறுப்பினருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று பிறகு தெரிந்தது. தடை நிறைவேறியது. பிளக் பற்றி முடிவு எதுவும் இல்லை.

பெட்ரோலை வடித்துவிட்டு, ஜெனரேட்டரைக் கவுன்டி நிர்வாகத்தின் கழிவு நிலையத்தில் கொடுத்துவிட்டேன். தேதிக்கு ஐந்து வாரம் முன்பே. இப்போதைக்கு எங்களிடம் சிலிண்டர் மூன்று, சார்ஜ் முழுதாக ஏறிய பேட்டரி ஒன்று. கூட்டிப் பார்த்தால் பதினான்கு மணி ஐம்பது நிமிடம். முப்பத்தோரு மணிக்கு இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை.

அதனால் நான் சும்மா இருக்கவில்லை. கிளப் ஹவுசின் பக்கச் சுவரில், பேட்டரி எங்கே வர வேண்டுமோ அந்த இடத்தை சாக்பீஸால் கட்டம் போட்டுக் குறித்தேன். கீழே ஐந்து சிறு கட்டம், ஐந்து பிளக்கிற்கு. மறுநாள் துடைத்திருந்தார்கள். மறுபடி போட்டேன். தலைவர், சங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என் மகனுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சாக்பீஸ் சேதம் அல்ல, தண்ணீரில் போகும் என்று நான் பதில் எழுதச் சொன்னேன். மூன்றாவது முறையும் துடைத்தார்கள். நான்காவது முறை போடப் போனபோது இன்சுலின் வீட்டுக்காரரும் ஆஸ்துமாக் குழந்தையின் தாயும் கூட வந்து நின்றார்கள். டாக்டர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டு, குழு உறுப்பினர் என்பதால் தான் எதையும் பார்க்கவில்லை என்று உரக்கச் சொன்னார்.

இன்று காலை நடையில் போய்ப் பார்த்தேன். கட்டம் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் வேறு யாரோ பென்சிலால் உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கான்டிராக்டர் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அகலத்தில் நான்கு அங்குலம் குறைத்திருக்கிறான். பேட்டரிப் பெட்டியின் கதவு திறக்க இடம் போதாது. திருத்தி எழுதிவிட்டு வந்தேன்.